பலர் கூடிச் செய்த மென்பொருளுக்கு வரலாறு எழுதுமாறு

ஒரு கோயிலைக் கட்டினோர் யாரென வினவினால் அரசன் ஒருவன் பெயரைக் கூறுதல் உலக வழக்கு. கல் சுமந்தாரும் சாரங் கட்டினாரும் உளி பிடித்தாரும் இன்னார் என வினவுவார் இலர். வினவினும் விடை கூறுவார் இலர். கணிப்பொறியை இயக்கும் மென்பொருள்களுள் ஒருசாரனவற்றிற்கோ அங்ஙனம் சுட்டுதற்கு அரசனும் இல்லை. ஊரும் நாடும் வேறாகிய பலர், பெரும்பாலும் தத்தம் ஓய்வு நேரத்திற் கூடிச் செய்தவை அவை. இத்தகைய மென்பொருளின் வரலாற்றை எழுத வேண்டியவர் யார், எழுதும் முறை யாது என்பன இக்கட்டுரையில் யாம் ஆராயப் புகுந்தவை. இவ்வாராய்ச்சியில் எம்மைப் புகுத்தியது, திருவண்ணாமலையை அடுத்த வேங்கிக்காலில் ஒரு வீட்டுப் பரண்மேற் கிடந்த நோட்டுப் புத்தகம் ஒன்று. அதன் செய்தியை உரிய இடத்திற் கூறுவாம்.

முதற்கண் இம்மென்பொருளின் இயல்பைச் சுருங்கக் காண்போம். கணிப்பொறிக்கு இன்னது செய்க எனப் பணிக்கும் எழுத்துத் தொகுதியே மென்பொருள். மக்கள் படித்தற்கேற்ற வடிவில் இருக்குங்கால் அது மூலநிரல் எனப்படும். வணிகர் பலர் மூலநிரலைப் பூட்டி வைத்து, பொறி மட்டும் படிக்கத்தக்க வடிவத்தையே விற்பர். அங்ஙனம் பூட்டாது, எவரும் படிக்கலாம், திருத்தலாம், திருத்தியதைப் பிறர்க்கும் வழங்கலாம் என உரிமம் எழுதி வெளியிடப்படுவன கட்டற்ற மென்பொருள் என்றும் திறமூல மென்பொருள் என்றும் வழங்கப்பெறும். ரிச்சர்டு ஸ்டால்மன் என்பார் 1983-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் க்னூ என்னும் பெருமுயற்சியை அறிவித்தார். 1991-ஆம் ஆண்டு ஆகஸ்டு 25-ஆம் நாள் லினஸ் டோர்வால்ட்ஸ் என்னும் பின்லாந்து நாட்டு மாணவர், தாம் பொழுதுபோக்காக ஓர் இயங்குதளம் எழுதி வருவதாக மடல் விடுத்தார். லினக்ஸ் என இன்று உலகறிந்த கரு அதுவே. அவ்விரண்டும் சேர்ந்தமைந்த முழுமையை லினக்ஸ் என்று வாளா கூறுதல் தகுமா, க்னூ லினக்ஸ் என்றே கூறல் வேண்டுமா என்னும் வழக்கு இன்றும் தீர்ந்தபாடில்லை. வெறும் பெயர்ச் சண்டை என இதனை நகைப்பார் உளர். யாம் அவருடன் உடன்படேம். யார் செய்த உழைப்பு யார் பெயரால் வழங்குகின்றது என்பதே ஈண்டு வினா; வரலாற்றின் தலையாய வினாக்களுள் அஃதும் ஒன்று.

“இவற்றிற்கெனத் தனியே வரலாறு எழுதுவானேன்? பொறியே நாள்தோறும் எழுதி வருகின்றதே” என மாணாக்கர் சிலர் எம்மிடம் தடை நிகழ்த்தினர். தடை பொருளுடையதே. மென்பொருள் செய்வோர் தம் நிரலில் நிகழும் ஒவ்வொரு மாற்றத்தையும் பதிந்துவைக்கும் கருவிகளைக் கையாளுகின்றனர், சி.வி.எஸ்., சப்வெர்ஷன், கிட் என்பன அவற்றுட் பெயர் பெற்றவை. ஒரு வரியை மாற்றினால், மாற்றிய நாளும் மணித்துளியும், பெயரும், காரணங் கூறும் ஓரிரு சொற்களும் உடன் பதியப்படும். எவ்வரசனின் ஓலைநாயகமும் இத்துணை நுணுக்கமாக எழுதி வைத்ததில்லை. ஆயினும் இப்பதிவேட்டை மட்டும் நம்பி அமைதியுறுதல் சாலாது.

லினக்ஸையே எடுத்துக்கொள்வோம். அதன் இன்றைய பதிவேடு 2005-ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் தொடங்குகின்றது. கிட் என்னும் கருவியை டோர்வால்ட்ஸ் ஆக்கிய திங்களும் அதுவே. அதற்கு முற்பட்ட பதின்மூன்று ஆண்டுகட்கு மேற்பட்ட செய்திகளை அவர் அதனுட் கொண்டுவரவில்லை. கொண்டுவரின் ஏறத்தாழ 3.2 ஜிகாபைட் இடம் கொள்ளும். புதிய கருவிக்குத் தொடக்கத்திலேயே அச்சுமை வேண்டா எனக் கருதினார். ஆதலின், பழைய வரியொன்றை எழுதினார் யாரென அப்பதிவேட்டை வினவின், 1990-களிற் பிறர் எழுதியனவும் டோர்வால்ட்ஸ் 2005-இல் ஒரே நாளில் எழுதியனபோலத் தோன்றும். முற்பட்ட வரலாற்றைப் பின்னர் ஆர்வலர் சிலர், பழைய பதிப்புக்களையும் வேறு கருவியிலிருந்த பதிவுகளையுங் கொண்டு தனியே கட்டியமைத்தனர். பழங்கோயிலைக் கற்றளியாக மாற்றுங்கால், இடிக்கப்படும் சுவரிலிருந்த கல்வெட்டுக்களைப் படியெடுத்துப் புதுச் சுவரிற் பொறித்து, ‘பழங்கற்படி’ எனக் குறித்து வைத்தல் சோழர் காலத்து வழக்கு. செம்பியன் மாதேவியார் திருப்பணிகளில் இதனைக் காணலாம். கருவியை மாற்றுந்தோறும் பழங்கற்படி எடுக்க மறந்தவிடத்து, மென்பொருளின் வரலாறு சுவரோடு போயிற்று.

இனி, பதிவில் நிற்கும் பெயர் உழைத்தவர் பெயர்தானா என்பதும் ஐயத்திற்குரியது. சி.வி.எஸ்., சப்வெர்ஷன் ஆகிய முன்னைக் கருவிகளில், பதியும் உரிமை பெற்றவர் பெயர் மட்டுமே தானாகப் பதியும். திருத்தத்தை எழுதி அனுப்பியவர் வேறொருவராயின், உரிமையுடையார் மனமுவந்து குறிப்பில் எழுதினாலன்றி அவர் பெயர் வாராது. கிட் கருவியில் ஆக்கியோர்க்கும் பதிந்தோர்க்கும் வெவ்வேறு இடம் உண்டு. இது பெரிய நன்மை. எனினும் பிழை கண்டு சொன்னவர், புதியவர்க்குப் பொறுமையுடன் கற்பித்தவர், கூட்டம் நடத்தத் தம் வீட்டுத் திண்ணையைத் தந்தவர் ஆகியோர்க்கு எக்கருவியிலும் இடமில்லை.

எல்லாரினும் மிகுதியாக மறைந்துபோவார் மொழிபெயர்ப்பாளரே. மென்பொருளின் திரையில் தோன்றும் சொற்களைத் தமிழாக்குவோர், பி.ஓ. கோப்பு எனப்படும் ஒன்றைத் திறந்து, ஒவ்வோர் ஆங்கிலத் தொடரின் கீழும் அதற்குரிய தமிழ்த் தொடரை எழுதுவர். அக்கோப்பின் தலைப்பிற் சில வரிகள் உண்டு. அவற்றுள் ஒன்று ‘கடைசியாக மொழிபெயர்த்தவர்’ என்பது. பெயரே கூறுமாறு, அது கடைசியானவர் ஒருவரை மட்டுமே ஏற்கும். ஆயிரந் தொடர்களை ஒருவர் பல இரவு விழித்துத் தமிழாக்கியிருக்க, மற்றொருவர் விடுபட்ட ஓர் ஒற்றெழுத்தைச் சேர்த்துச் சேமிப்பாராயின், அவர் கையாளும் கருவி அவ்வரியில் அவர் பெயரை எழுதி முன்னவர் பெயரை அழித்துவிடும். முதலிற் செய்தாரையும் பின்வந்தாரையும் ஆண்டுடன் எழுதிவைத்தற்கெனத் தலைப்பின் மேலே குறிப்புவரிகளும் உண்டு. எழுதினார் சிலர், எழுதாது விட்டார் பலர். இதில் தீயெண்ணம் ஒருவர்க்கும் இல்லை. படிவம் அங்ஙனம் அமைந்தது; பெயர் அங்ஙனம் போயிற்று.

வேங்கிக்காற் செய்தி இதுவே. திருவண்ணாமலை மாவட்ட ஆட்சியர் அலுவலகம் அமைந்த ஊர் வேங்கிக்கால். எம்முடன் பயின்ற நண்பர் ஒருவர் அங்கு வாழ்ந்தார். அவர் பெயரைக் கூறாமைக்குக் காரணம் பின்னர் விளங்கும். 2003 முதல் 2005 வரை, கட்டற்ற மென்பொருள் ஒன்றைத் தமிழாக்கும் பணியில் யாம் மூவரும் அவரும் ஒரு சிறு பங்கு கொண்டிருந்தோம். யாம் சென்னையில் இருந்தோம். அவர் ஒருவரே ஊரில் தங்கியவர். வீட்டில் இணையம் இல்லாதவர். நகரத்து இணைய மையம் ஒன்றில் மணிக்கணக்கிற் காசு கொடுத்துக் கோப்புக்களை நெகிழ்வட்டில் இறக்கிக்கொண்டு, மிதிவண்டியில் வீடு சேர்ந்து, இரவில் மொழிபெயர்த்து, மறுவாரம் எமக்கு அனுப்புவார். யாம் அவற்றைத் தொகுத்து, பதியும் உரிமை பெற்ற ஒருவர்க்கு விடுப்போம். பதிவேட்டில் விழுந்தது அவ்வுரிமையாளர் பெயர். கோப்பின் தலைப்பில் நின்றது கடைசியாகச் சரிபார்த்த எம்முள் ஒருவர் பெயர். நண்பர் சில ஆண்டுகட்கு முன் காலமானார்.

சென்ற ஆண்டு, அத்தமிழாக்கத்தின் தொடக்க வரலாற்றை எழுதித் தருமாறு இளைஞர் சிலர் எம்மைக் கேட்டனர். எளிதென எண்ணி ஏற்றோம். ஒருநாள் மாலை மூவரும் அமர்ந்து, நினைவிலிருந்தே நான்கு பக்கம் எழுதி முடித்தோம். பின்னர் நண்பர் இல்லத்திற்குச் சென்று, அப்பக்கங்களை அவர்தம் துணைவியாரிடங் காட்டினோம். அவ்வம்மையார் படித்துவிட்டு யாதொன்றுங் கூறாது எழுந்து சென்று, நோட்டுப் புத்தகம் ஒன்றையும் ஒரு பெட்டி நெகிழ்வட்டுக்களையுங் கொணர்ந்து எம்முன் வைத்தார். “பழைய தாளெல்லாம் எடைக்குப் போட்டாயிற்று, தம்பி. இதை மட்டும் போட மனம் வரவில்லை” என்றார்.

அந்நோட்டில் ஒவ்வொரு பக்கமும் மூன்று பத்தியாகக் கோடிடப்பட்டிருந்தது. முதற்பத்தியில் ஆங்கிலச் சொல். அடுத்ததிற் கருதிப் பார்த்த தமிழ்ச் சொற்கள். இறுதியில் துணிந்த சொல். விண்டோ என்பதற்கு ஜன்னல் என எழுதி, போர்த்துக்கீசியர் வழி வந்தது என அடித்து, பலகணி என்றும் காலதர் என்றும் எழுதி, முடிவிற் சாளரம் எனத் துணிந்து, ‘மற்றைக் குழுவினர் கொண்டதும் இதுவே’ எனக் குறித்திருக்கின்றார். கேன்சல் என்பதற்கு ரத்துசெய், நீக்கு, கைவிடு என மூன்றும் எழுதி, ‘நீக்கு’ என்பது டெலீட்டுடன் மயங்கும் என ஓரத்தில் எழுதியிருக்கின்றார். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் நாளும், கோப்பின் பெயரும், அன்று முடித்த தொடர்களின் எண்ணும் உள. அவற்றோடு ஒத்துப் பார்த்தபோது எம் நான்கு பக்கங்களும் நிற்கவில்லை. எம்முள் ஒருவர் தாமே கண்டதாகப் பல்லாண்டு கூறி வந்த சொல், நண்பர் எழுதியனுப்பியது. தமிழ்த் திரை முதன்முதல் 2004-ஆம் ஆண்டு கார்த்திகைத் தீபத்தையொட்டி இயங்கிற்று என மூவரும் ஒருமுகமாக எழுதியிருந்தோம். நோட்டின்படி அப்போது பாதித் தொடர்களே முடிந்திருந்தன. பொய் கூறவேண்டுமென ஒருவரும் எண்ணியதில்லை. நினைவு தன்னைத் தானே அழகு செய்துகொண்டது. மூவர் ஒத்துரைத்தமையால் ஒரு செய்தி மெய்யாகிவிடாது என்பதை யாம் கற்ற இடம் அது. மூவரும் ஒரே கதையைப் பலகாற் பேசிப் பேசி ஒருவர்க்கொருவர் பாடஞ் சொல்லிக் கொடுத்திருந்தோம்.

இது புதுவதன்று. 1862-ஆம் ஆண்டு சென்னையில் வெளிவந்த வின்சுலோ ஐயர் தமிழ் ஆங்கில அகராதியைக் கல்லூரி நூலகங்களிற் பலரும் புரட்டியிருப்பர். அதன் முகப்புத் தாளில், காலஞ்சென்ற ஜோசப் நைட்டு ஐயர் முதலியோர் திரட்டி வைத்த கையெழுத்துப் படிகளிலிருந்து ஒரு பகுதி எடுக்கப்பட்டது எனக் குறிக்கப்பட்டுள்ளது. இறந்தார் உழைப்பை மறவாத அப்பண்பு போற்றத்தக்கதே. அதே தாளில், தகுதி வாய்ந்த சுதேசப் புலவர்களின் துணைகொண்டு செய்யப்பட்டது என்றும் உள்ளது. அப்புலவர்களின் பெயர் அத்தாளில் இல்லை. ஒரே தாளில் நன்றியும் உண்டு, மறதியும் உண்டு. ‘கடைசியாக மொழிபெயர்த்தவர்’ என்னும் வரிக்கும் அம்முகப்பிற்கும் வேற்றுமை பெரிதன்று.

இக்குறையை வெல்லப் பிறர் செய்தன யாவை என இனிக் காண்போம். டெபியன் என்னும் இயங்குதளம் 1993-ஆம் ஆண்டு ஆகஸ்டு 16-ஆம் நாள் இயன் மர்டாக் என்பவரால் அறிவிக்கப்பட்டது. தம் பெயரையும் டெப்ரா என்னும் தம் காதலியார் பெயரையும் சேர்த்து அதற்குப் பெயரிட்டார். அதன் வரலாற்றை அவர் ஒருவரே எழுதவில்லை. டெபியனின் ஆவணக் குழுவினர் சிறு வரலாறு ஒன்றை எழுதி, பிற மென்பொருட் பொதிகளைப் போலவே அதனையும் ஒரு பொதியாக்கி, இயங்குதளத்தினுள்ளேயே வைத்திருக்கின்றனர். நிரலிற் பிழை கண்டார் தெரிவிப்பது போலவே, வரலாற்றிற் பிழை கண்டாரும் தெரிவிக்கலாம். பிற மொழிகளிற் பெயர்க்கவும் செய்யலாம். டெபியனின் பதிப்பெண்களை நோக்குவார்க்கு 1.0 என்னும் பதிப்பு இல்லாமை வியப்பளிக்கும். 1995-ஆம் ஆண்டில் குறுவட்டு விற்பார் ஒருவர், முடிவுறாத படியொன்றை 1.0 எனப் பெயரிட்டு விற்றுவிட்டார். மயக்கம் நேராமைப் பொருட்டு அவ்வெண்ணையே துறந்து, 1996-ஆம் ஆண்டு ஜூன் திங்களில் 1.1 என்னும் எண்ணுடன் மெய்ப்பதிப்பை வெளியிட்டனர். இக்காரணத்தை நிரலின் எவ்வரியிலும் காண இயலாது. எழுதி வைத்தமையால் யாம் அறிகின்றோம். மர்டாக் 2015-ஆம் ஆண்டு டிசம்பரில் மறைந்தார். வரலாறு தொடர்ந்து திருத்தப்பட்டு வருகின்றது.

இதனினும் எம்மைக் கவர்ந்தது யூனிக்ஸ் மரபுக் கழகத்தாரின் செயல். லினக்ஸிற்கு முன்னோடியாகிய யூனிக்ஸ், அமெரிக்க நாட்டுப் பெல் ஆய்வுக்கூடத்திற் கென் தாம்சன், டென்னிஸ் ரிச்சி முதலியோரால் ஆக்கப்பட்டது. அதன் முதற் பதிப்பின் கையேடு 1971-ஆம் ஆண்டு நவம்பர் 3-ஆம் நாளிட்டது. அப்பதிப்பின் கருவை எழுதிய மூலநிரல் பொறியிற் படிக்கத்தக்க வடிவில் எங்கும் எஞ்சவில்லை. எஞ்சியது 1972-இல் தாளில் அச்சிட்ட படியொன்றே. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த வாரன் டூமி முதலிய தொண்டர் சிலர், அத்தாள்களின் ஒளிப்படிகளைப் பெற்று, 2008-ஆம் ஆண்டில் அவற்றை மீண்டும் எழுத்தாக்கத் துணிந்தனர். பொறி படித்துக் கொடுத்தது பிழை மலிந்திருந்தது. ஒன்று என்னும் எண்ணுக்கும் எல் என்னும் ஆங்கில எழுத்துக்கும் வேறுபாடு காணப் பொறியால் இயலவில்லை. பக்கங்களைத் தம்முட் பங்கிட்டுக்கொண்டு, வரி வரியாக மூலத்தோடு ஒப்புநோக்கித் திருத்தினர். பழைய காந்தநாடாக்களில் தப்பிக் கிடந்த சில நிரல்களையும் சேர்த்து, அக்காலப் பொறியைப் போல நடிக்கும் மென்பொருளொன்றில் அதனை உயிர்ப்பித்தனர். முப்பத்தைந்து ஆண்டுக்கு மேல் உறங்கிய யூனிக்ஸ் விழித்தெழுந்து பயனர் பெயரை வினவிற்று.

இதில் நாம் கற்கத்தக்கது அவர்கள் கைக்கொண்ட நெறி. தாளில் உள்ளவாறே பெயர்த்த படியை ஒருபாலும், இயங்குதற்பொருட்டுத் தாம் செய்த திருத்தங்களை மற்றொருபாலும் வைத்தனர். எது மூலம், எது தம் கை என்பது பின்வருவார்க்குத் தெளிவாக விளங்கும். 1887-ஆம் ஆண்டிற் சீவகசிந்தாமணியைப் பதிப்பித்த உ. வே. சாமிநாதையரவர்களை அறிந்த நமக்கு, ஏடுகளை ஒப்புநோக்குதலும் பாடபேதங் குறித்தலும் புதிய செய்தி அல்ல. சுவடியிற் செய்ததையே நிரலிற் செய்க என்பதன்றி வேறில்லை.

மோசில்லா உலாவியைச் செய்தாரின் நினைவுகளைத் திரட்ட, ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகத்து வரலாற்று மையத்தார் ஒரு நினைவுக் கருவூலம் அமைத்தனர். பிரான்சு நாட்டு இன்ரியா நிறுவனத்தார் 2016-இல் தொடங்கிய சாப்ட்வேர் ஹெரிட்டேஜ், உலகின் மூலநிரல்களைத் திரட்டிக் காத்து வருகின்றது. இரண்டும் நன்று. ஆயின் நிரலைக் காக்கும் பேழையில் பரண்மேற் கிடந்த நோட்டுக்கு இடமில்லை என்பதை நினைவிற் கொள்க.

வரலாறு அறியாமையால் வரும் கேடு மனவருத்தம் அளவில் நிற்பதன்று. 2003-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் எஸ்.சி.ஓ. என்னும் நிறுவனம், யூனிக்ஸிற்குரிய நிரல்கள் லினக்ஸினுட் புகுத்தப்பட்டன எனக் கூறி ஐ.பி.எம். நிறுவனத்தின்மீது வழக்குத் தொடுத்தது. இன்ன வரியை எழுதினார் யார், எங்கிருந்து பெற்றார் என்னும் வினா வழக்கறிஞர் வாயிற் புகுந்தது. பழைய மடல்களையும் பதிப்புக்களையும் துருவிப் பலர் விடை தேடினர். 2004-ஆம் ஆண்டு முதல், லினக்ஸிற்குத் திருத்தம் அனுப்புவோர் ஒவ்வொருவரும், இதனை அளித்தற்கு எமக்கு உரிமையுண்டு என ஒரு வரியிற் கையொப்பமிடும் முறை வந்தது. காலத்தில் எழுதாத வரலாற்றை நீதிமன்றத்திற் கூலி கொடுத்து எழுத நேர்ந்தது.

தமிழின் நிலை யாது? நம்மவர் இத்துறையிற் பிந்தியவரல்லர். 1998-ஆம் ஆண்டு பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம், உலகெங்கும் உள்ள தமிழர் கூடித் தமிழ் நூல்களை மின்னெழுத்தாக்கும் தொண்டு. அது மென்பொருளன்று, ஆயினும் பலர் கூடிச் செய்யும் பணிக்குப் பெயர் குறிக்கும் முறையில் அதற்கு நிகராக யாம் அறிந்தது ஒன்றில்லை. ஒவ்வொரு நூலின் தலைப்பிலும் உள்ளிட்டவர் இன்னார், பிழை திருத்தியவர் இன்னார், வலைக்கு அணிசெய்தவர் இன்னார் எனத் தனித்தனியே நன்றி கூறப்பட்டிருக்கும். எழுத்துரு முறை மாறியபோதும் அவ்வரிகள் நூலோடு உடன் சென்றன. தமிழ் மென்பொருள்களுக்கும் அத்தலைப்பு இருந்திருப்பின் எம்போல்வார்க்கு இவ்வுழைப்பு வேண்டியிராது.

1990-களின் இறுதியிலும் 2000-களின் தொடக்கத்திலும் தமிழ்க் கணிமை பற்றிய உரையாடல்களிற் பல, பிறர் இலவசமாகத் தந்த இடங்களில் நிகழ்ந்தன. ஜியோசிட்டீஸ் என்னும் வலையிடம் 2009-ஆம் ஆண்டு அக்டோபரில் மூடப்பட்டது. யாகூ குழுமங்களிலிருந்த பழைய மடல்களை நீக்கப்போவதாக 2019-இல் அறிவிப்பு வந்தது; 2020-ஆம் ஆண்டு டிசம்பரில் அக்குழுமங்கள் முற்றும் மூடப்பட்டன. நிரல் வைக்கும் இடமாகிய கூகிள் கோட் 2016-இல் மூடப்பட்டது. தொண்டர் சிலர் விரைந்து ஒரு பகுதியைக் காத்தனர். ஒரு பகுதி போயிற்று. ‘சாளரம்’ என்றும் ‘உலாவி’ என்றும் நாம் நாவிற் பழகிய சொற்களை முன்மொழிந்து வாதிட்டாரின் குரல்கள் அத்தகைய மடல்களிலேயே இருந்தன. எம் மடல்கள் இருந்த இடம் வேறு, அதுவும் இன்றில்லை. விதைநெல்லை அயலார் களஞ்சியத்தில் வைத்துச் சாவி கேட்க மறந்தவர் நாம்.

எஞ்சியனவும் எளிதிற் படிக்கத்தக்கன அல்ல. யூனிக்கோடு அட்டவணையில் 1991-ஆம் ஆண்டிலேயே தமிழ் இடம்பெற்றிருப்பினும், அதனைத் திரையிற் காட்டவல்ல பொறிகள் பல்லாண்டு கழித்தே பரவின. இடைக்காலத்தில் திஸ்கி முதலிய வேறு குறிமுறைகள் வழங்கின. நண்பரின் நெகிழ்வட்டுக்களிற் பாதி ஈரத்தாற் கெட்டிருந்தன. படிக்க இயன்றவற்றைத் திறந்தபோது ஐரோப்பிய எழுத்துக்கள் கலந்த குப்பைபோல் தோன்றிற்று. திஸ்கியினின்று யூனிக்கோடாக மாற்றிய பின்னரே தமிழ் வெளிப்பட்டது. ஒரு கோப்பு 1980-ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் எழுதப்பட்டதாகக் கூறிற்று! பழைய பொறியின் மின்கலம் செத்தால் அதன் கடிகாரம் தொடக்க நாளுக்கு மீளும் என்பதறியாதார், தமிழ் மென்பொருளுக்கு இருபது ஆண்டு பழமை கூட்டிவிடுவர். பொறி கூறும் நாளையும் நோட்டின் நாளோடு ஒத்துப் பார்த்தே கொள்ளல் வேண்டும்.

யாம் மீண்டும் எழுதத் தொடங்கியபோது கைக்கொண்ட முறையைக் கூறுவாம். குறையிருப்பின் கற்றார் திருத்துக. முதலில் மூவரும் தனித்தனியே, ஒருவரோடொருவர் பேசாது, நினைவில் உள்ளதை எழுதினோம். இதுவே எமக்குக் கடினமாயிருந்தது. பழகிய கதை நாவில் முந்திற்று. பின்னர் ஒவ்வொரு கூற்றின் எதிரிலும் அதற்குச் சான்று யாது எனக் குறித்தோம்: நோட்டு, கோப்பின் தலைப்பு, பதிவேடு, மடல், அல்லது வெறும் நினைவு. நினைவு மட்டும் சான்றாயிருந்தவற்றை நீக்கவில்லை; நினைவு என்றே எழுதினோம். இருவர் கூற்று முரணியவிடத்து நடுவராய் நின்று ஒன்றைத் தேர்வதை விடுத்து இரண்டையும் பெயருடன் வைத்தோம். புனைபெயரில் மட்டும் உழைத்தார் இருவர் இருந்தனர். அவர் மறைக்க விரும்பிய மெய்ப்பெயரை வெளியிட எமக்கு உரிமையில்லை ஆதலின் புனைபெயரே நின்றது. தனி மடல்களை எழுதியவர் இசைவின்றி எடுத்தாளவில்லை. எழுதிய வரலாற்றை, எவரும் திருத்திப் பெருக்குதற்கேற்ற பொது உரிமத்தில் இணையத்தில் இட்டோம். முதல் வாரத்திலேயே முன்பின் அறியாத ஒருவர் யாழ்ப்பாணத்திலிருந்து எம் பிழை இரண்டைக் காட்டினார். ஒன்று எம்மவர் பெருமையைக் குறைப்பது. அதனையும் ஏற்றோம், சிறிது முகங்கோணியே.

நண்பரின் பெயரைக் கோப்பின் தலைப்பிற் சேர்க்குமாறு திருத்தம் ஒன்றை இப்போதைய பொறுப்பாளர்க்கு அனுப்பியிருக்கின்றோம். நோட்டின் பக்கங்களைச் சான்றாக இணைத்தோம். விடையை எதிர்நோக்குகின்றோம். இக்கட்டுரையில் அவர் பெயரை இடலாமா என அவர்தம் துணைவியாரை வினவியபோது, “முதலில் அவர் உழைத்த இடத்தில் வரட்டும், தம்பி, பிறகு மலரில் போடலாம்” என்றார். அதனாலேயே விடுத்தோம்.

நம் கல்லூரியின் பழைய மாணவருள் எவரேனும் 1998 முதல் 2006 வரையில் தமிழ்க் கணிமைக் குழுக்களில் எழுதிய மடல்களையோ, கோப்புக்கள் கொண்ட நெகிழ்வட்டுக்களையோ, சொற்பட்டி எழுதிய நோட்டுக்களையோ வைத்திருப்பின், எடைக்குப் போடுமுன் எமக்குத் தெரிவிக்க வேண்டுகின்றோம். நெகிழ்வட்டுப் படிக்கும் கருவி ஒன்று நன்னிலையில் எம்மிடம் உள்ளது. படியெடுத்துக்கொண்டு மூலத்தை அவரவரிடமே திரும்பச் சேர்ப்பிப்போம்.